தங்கவேல், வயது ஐம்பத்துநாலு

இப்படி வாங்க, இந்த சீட்டு காலிதான். நான் ஜன்னலோரம் நகந்துக்கறேன், நீங்க வலது கைப் பக்கம் உக்காருங்க. எடது கைப் பக்கம் ஆளு உக்காந்தா எனக்கு ஆகாதுங்க. பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இது கோயமுத்தூர் பஸ்தானுங்களே? சிங்காநல்லூர்ல நிக்குமல்ல? போர்டுல போட்டிருந்தான், பாத்தேன். ஆனா இந்தக் காலத்துல போர்டை நம்ப முடியறதில்லீங்க. ஒரு ஊரு பேரை மாட்டிட்டு வேற ஊருக்கு ஓட்டறானுக. அதான் கேட்டுக்கறது.

கால்ல ரத்தமா? அது ஒண்ணுமில்லீங்க, ஏறும்போது படி இடிச்சுருச்சு. இப்பல்லாம் பஸ்ஸுக்குப் படி வெக்கறவனுக்கு அளவே தெரியறதில்லை. முடிஞ்சுதுன்னு கால வெச்சா இன்னொரு படி இருக்குது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. படி வெச்ச லட்சணம் அப்படி.

நீங்க தாராபுரத்துக்காரருங்களா? இல்லையா? சொந்தம் ஒறம்பறைன்னு யாராச்சும் அங்க இருக்காங்களா? ஒருத்தருமில்லை? சரி, நல்லதாப் போச்சு. கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும் கேக்கறதுதான். பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவன் யாருன்னு தெரியாம வாயத் தொறக்கறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. உங்ககிட்ட எனக்கு ஒரு சோலி ஆகணுமுங்க. ஒரு காயிதம் வெச்சிருக்கறேன். அதைப் படிச்சுச் சொல்லணும். இப்ப வேண்டாம். மொதல்ல வெவரத்தைச் சொல்லிடறேன், இல்லாட்டி என்னை ஒரு மாதிரி நெனைச்சுக்குவீங்க.

எம்பட பேரு நாச்சிமுத்து. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மோட்டார் ரீவைண்டிங் கடை. தோட்டத்து மோட்டாரு பொகைஞ்சு போச்சுன்னா எங்கிட்டத்தான் கொண்டாருவாங்க. பழைய காயிலைப் பிச்சுட்டுப் புதுசா சுத்திக் குடுக்கறது. முப்பது வருஷமா இதே தொழிலு. ஒரு சுத்து கூடக் கொறையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வெரலுலயே எண்ணிருவேன்.

ஊட்டுக்காரி பேரு தமயந்தி. கண்ணாலத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல சொல்லிக் குடுத்துட்டு இருந்தவ. மகளை ஓசூர்ல கட்டிக் குடுத்தாச்சு. மகதான் இந்த வெனையை இழுத்துவிட்டது. தை மாசம் வந்தவ ஒரு லேப்டாப்பைக் கொண்டாந்து அம்மாகிட்டக் குடுத்து, சும்மா உக்காந்துட்டு இருக்காதே, இதைப் படின்னு ஒரு ஆன்லைன் வகுப்புல சேத்துவிட்டுட்டுப் போயிட்டா. யூ.எக்ஸ். டிசைன்னு பேரு.

அதென்னன்னு தமயந்திகிட்டக் கேட்டேன். ஒரு சாமானை ஒருத்தரு எடுத்துப் பொழங்கறப்ப எங்க தடுமாறறாங்க, ஏன் தடுமாறறாங்கன்னு பாத்து, தடுமாறாத மாதிரி செய்யறதாம். போன்ல வர்ற ஆப்புகளுக்கெல்லாம் அப்படி ஒருத்தரு உக்காந்து யோசிக்கறாங்களாம். எந்தப் பட்டனை எங்க வெக்கறது, எந்த எழுத்தைப் பெருசா போடறதுன்னு. இதுக்கு ஒரு படிப்பாங்க? பட்டனை அழுத்துனா மோட்டாரு ஓடணும். ஓடலைன்னா தப்பு. இதுல யோசிக்க என்ன இருக்குதுன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டா. அந்தச் சிரிப்பே எனக்குப் புடிக்கலை.

ரெண்டாவது வாரமே ஆரம்பிச்சுட்டாளுங்க. என்னத்தன்னா, பாக்கறது. நான் போனை எடுத்தா பாக்கறா. டிவி ரிமோட்டை எடுத்தா பாக்கறா. பீஸ் போயிருச்சுன்னு மெயின் போர்டைத் தொறந்தா அதையும் வந்து நின்னு பாக்கறா. இருவத்தேழு வருஷத்துல என்னை இத்தனை தடவை அவ நிமிந்து பாத்ததில்லீங்க. பாத்துட்டு நோட்டுல ஒரு வரி எழுதிக்கறா. என்ன எழுதறேன்னு கேட்டா, "பாடத்துக்குங்க"ங்கறா.

முந்தியெல்லாம் ரிமோட்டுல நான் ரெண்டு பட்டன் தப்பா அழுத்துனா வெடுக்குனு புடுங்கிருவா. இப்பப் பக்கத்துல உக்காந்து கையக் கட்டிக்கறா. ஒதவி பண்ணக் கூடாதாம். அந்த வகுப்பு நடத்தற மார்ட்டின் சாரு சொல்லியிருக்காராம். ஆளு தடுமாறும்போது கைய நீட்டக் கூடாது, வாயத் தொறக்கக் கூடாது, பாத்துட்டு மட்டும் இருக்கணுமாம். கட்டுன புருசன் தடுமாறறான், பாத்துட்டு இருன்னு சொல்லிக் குடுக்கறது என்ன படிப்புங்க?

கேள்வியும் மாறிப் போச்சு. புடிச்சிருக்குதா, புடிக்கலையான்னு கேக்க மாட்டா. "போன தடவை இதைப் பண்றப்ப என்னுங்க ஆச்சு? மொதல்ல எதைப் பாத்தீங்க? அப்புறம்?" இது போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற கேள்வி. நான் எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். மறந்து போச்சு.

மார்ட்டின் சாரு மேலதான் மொதல்ல எனக்கு சந்தேகம். ஒரு நாள் அவ பின்னாடி போய் நின்னு லேப்டாப்பைப் பாத்தேன். அந்த ஆளு என்ற மகளை விடச் சின்னவனுங்க. கட்டம் கட்டமா நாப்பது மொகம் இருக்குது, எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்புட்டுக் கணக்கு வாத்தியாரு மாதிரி திட்டறான். செரி, இவனில்லைன்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஒரு நாளு பாருங்க, ஒரு வெள்ளைக் காயிதத்துல போனு மாதிரியே படம் போட்டுக் கொண்டாந்து மேசை மேல வெக்கறா. கண்ணாஸ்பத்திரில டோக்கன் போடற ஆப்பாம், இன்னும் செய்யலையாம், காயிதத்துலயே சோதிச்சுப் பாக்கறாளாம். "போனுன்னு நெனைச்சு அழுத்துங்க. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிட்டே அழுத்துங்க"ன்னா. காயிதத்தை அழுத்தறதாங்க? ஆளுக்குப் புத்தி சரியா இருக்குதான்னு டாக்டருமாருக இப்படித்தான் ஏதாச்சும் குடுத்துப் பாப்பாங்க. ஊட்டையும் கடையையும் மக பேருக்கு மாத்தறதுக்கு அம்மாளும் மகளும் சேந்து ஏதோ ஜோடிக்கறாங்கன்னு எனக்குச் சுருக்குனுச்சு. இருந்தாலும் பயந்துட்டேன்னு நெனைச்சுக்கக் கூடாதுன்னு அழுத்துனேன். கீழ ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணை அழுத்துனேன். வேற ஒரு காயிதத்தை எடுத்து மேல வெச்சா. "உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது"ன்னு அதுல எழுதியிருக்குது.

திட்டுவான்னு பாத்தேன். திட்டலை. "இது உங்க தப்பில்லீங்க. ரெண்டு கட்டத்தையும் ஒரே மாதிரி போட்டது என்ற தப்பு"ன்னா. கேட்டீங்களா? பால் பொங்குனதுல இருந்து மகளுக்கு மாப்பிள்ளை பாத்தது வரைக்கும் எல்லாத்துக்கும் எம்மேல தப்பு சொன்னவளுங்க. தப்பு தன் மேலன்னு அவ வாயிலயே வருதுன்னா உள்ளுக்குள்ள என்னமோ இருக்குதுன்னுதானே அர்த்தம்? நானும் சொல்லிட்டேன், எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, உன்ற கோடுதான் கோணலுன்னு. அதையும் எழுதிக்கிட்டா. மறுநாளு அதே காயிதம், எழுத்து பெருசாகியிருக்குது, ரத்து பண்ற கட்டம் மேல தனியாப் போயிருச்சு. யாரு சொல்லி மாத்துனேன்னு கேட்டா, "ஒருத்தரு தடுமாறுனாருங்க, அதான்"கறா. யாரந்த ஒருத்தரு? பேரைச் சொல்ல மாட்டேங்கறா.

கண்ணாஸ்பத்திரி எதுக்குன்னுதானே கேக்கறீங்க? எனக்கும் அதேதான். ஊரு ஒலகத்துல எத்தனையோ ஆப் இருக்குது. அந்த ஆஸ்பத்திரிக்கு இப்ப இருக்கற பழைய ஆப்பை நானே ஒருக்கா போட்டுப் பாத்ததுண்டு. சும்மா. போன ஆடியில இருந்து எடது பக்கம் சித்தெ பொகை மாதிரி, பல்பைச் சுத்தி வளையம் மாதிரி. அது வார்னிஷ்ங்க. காயிலை வார்னிஷ்ல முக்கி சூடு பண்றப்ப வர்ற பொகை எங்க போகும்? கண்ணுல ஏறத்தான் செய்யும். டோக்கன் போட்டேன், அது என்னமோ ரத்துன்னு வந்துச்சு, விட்டுட்டேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அப்ப அவ சமையக்கட்டுல வாசப்படிகிட்ட நின்னுட்டு இருந்தா.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன வாரம் பீரோவைத் தொறந்தேன். அவ சேலை வெக்கற பக்கம் கதவுக்கு உள்பக்கமா மஞ்சக் காயிதத் துண்டு ஒட்டியிருக்குதுங்க. அம்பது அறுபது இருக்கும். ஒண்ணொண்ணுலயும் ஒரு வரி. நடுவால ஒரு முழுக் காயிதம். அதுல ஒரு ஆம்பளை படம். பெரிய மீசை, பல்லு தெரியச் சிரிக்கறான். மேல கொட்டை எழுத்துல, தங்கவேல், வயது ஐம்பத்துநாலு.

ஊட்டுக்குள்ள, நான் வாங்கிக் குடுத்த பீரோவுல, சேலைக்குப் பின்னாடி ஒரு ஆளு. அந்தக் காயிதம்தான் இது. பிச்சு மடிச்சு எடுத்துட்டேன். தேடினாளா தெரியலை, கேக்கலை. அடுத்த நாளே வேறொண்ணு ஒட்டியிருக்குது. நகல் வெச்சிருக்கறா.

பெரிய எழுத்துல இருக்கறதையெல்லாம் நானே படிச்சுட்டேன். கேளுங்க, அந்த ஆளைப் பத்தி இவளுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்குதுன்னு. சொந்தத் தொழிலாம். காலைல அரை டம்ளரு டீயை ரெண்டு தடவையா குடிப்பானாம். அது யாரும் பண்றதுதானுங்க, ஒரேயடியா முழு டம்ளரு ஊத்துனா பாதியில ஆறிப் போயிரும். பூட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாப்பானாம். அது புத்தியுள்ளவன் பண்றது. எதையும் வெரலுல தொட்டுப் பாத்துத்தான் நம்புவானாம். உள்ளதைச் சொல்லோணுமுன்னா, படிக்கப் படிக்க அந்த ஆளு மேல எனக்கே ஒரு மரியாதை வந்துருச்சு. அப்புறம் பாருங்க, பஸ்ஸுல போர்டைப் படிக்காம, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வேற பேச்சு பேசற மாதிரி பேசி ஊரைத் தெரிஞ்சுக்குவானாம். எத்தனை கள்ளன் பாருங்க.

அடுத்த வரிதான் எனக்கு நெஞ்சுல ஏறுனது. எடது கண்ணு மங்கலாம். ஊட்டுல யாருக்கும் சொல்லலையாம். கண்ணு போச்சுன்னா கைத்தொழிலு போயிருமேன்னு உள்ளுக்குள்ள பயமாம். பொண்டாட்டிகிட்டச் சொல்லாததை இவகிட்டச் சொல்லியிருக்கறான், பாருங்க! அப்படின்னா எந்த அளவுக்குப் பழக்கம்? எம்பட பயம் என்னன்னு இவ ஒரு நாளு கேட்டிருப்பாளா? கேட்டதே இல்லீங்க. கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன், அது வேற விசயம். ஆனா கேக்கணுமா இல்லையா?

வெரலுல தொட்டுப் பாக்கற தொழிலுன்னா எங்க தொழிலுதான். சத்திரத்துக்குப் பின்னாடி சுப்பராயன்னு ஒருத்தன் ரீவைண்டிங் கடை போட்டிருக்கறான். அவனா இருக்குமோன்னு மூணு நாளு அவன் கடைக்கு எதிர்த்தாப்புல போயி நின்னேன். அவன் காப்பி குடிக்கறவனுங்க. பூட்டை ஒரே ஒரு தடவைதான் இழுத்தான், அதுவும் பாக்காம. வயசும் நாப்பதைத் தாண்டாது. மூணாவது நாளு அவனே வந்து, "என்னுங்ண்ணா, கண்ணு ஏதாச்சும் தொந்தரவுங்களா, ரோட்டைத் தாண்டத் தயங்கறீங்களே"ன்னு கையப் புடிக்க வந்தான். தட்டிவிட்டுட்டு வந்துட்டேன். போட்டிக் கடைக்காரனுக்கு எம்மேல என்ன கரிசனம்?

சமையக்கட்டுல காலண்டரு தொங்குது. அதுல வர்ற புதன்கெழமையைச் சுழிச்சு, பத்து மணி, கண்ணுன்னு எழுதி வெச்சிருக்கறா. இவளே கூட்டிட்டுப் போறா அவனை. அத்தனை தூரத்துக்குப் போயிருச்சு.

இன்னைக்குக் கோயமுத்தூர்ல அவளுக்குக் கடைசி நாள் வகுப்பு. ஒரு மண்டபத்துல வெச்சு, படிச்சவங்கெல்லாம் தான் செஞ்சதை மேடையில ஏறிச் சொல்லணுமாம். சிங்காநல்லூர்ல எறங்கி நடக்கற தூரம்தான். சரியா பன்னெண்டு மணிக்கு இவ முறை. நேத்து சோத்துல கைய வெக்கறப்பச் சொன்னா, "நீங்களும் வாங்க. நீங்க வந்தா எனக்கு நல்லா இருக்குமுங்க." நான் வரமாட்டேன்னு தெரிஞ்சுதானே கூப்புடறான்னு எனக்கு ஆத்திரம். "மேடை கீடையெல்லாம் ஏறுனீன்னா ஊட்டுக்குத் திரும்ப வரவேண்டாம்"னு சொல்லிப்போட்டேன். வாய் வரைக்கும் தங்கவேலு பேரு வந்துச்சு. சொல்லலை. சொன்னா உசாராயிருவா. அவ சித்த நேரம் என்ற மொகத்தையே பாத்துட்டு, சோத்துக்கு ரசம் ஊத்துனா. காலைல மொத பஸ்ஸுக்கு லேப்டாப்பைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. போறப்ப வாசல்ல நின்னு, "டேபிள் மேல டீ இருக்குது. அரை டம்ளரு ஊத்தி வெச்சிருக்கறேன், மீதி பிளாஸ்க்குல"ன்னு சொல்லிட்டுப் போறா. எத்தனை அழுத்தம் பாருங்க.

நான் அடுத்த பஸ்ஸைப் புடிச்சுட்டேன். அவ மேடையில நிக்கறப்ப எந்திரிச்சுக் கேக்கப் போறேன். யாரு அந்தத் தங்கவேல், கூப்புடு அவனை, நாலு பேரு முன்னாடி வரட்டும். அப்புறம் அவளுக்கு அவ வழி, எனக்கு எம்பட வழி. மகளுக்குப் போன் பண்ணி சொல்லிக்கலாம். ராத்திரியெல்லாம் தூங்கலீங்க.

ஒரே ஒரு கொறைதான். இந்தக் காயிதத்துல கீழ பென்சில்ல ரெண்டு மூணு வரி அவ கையில எழுதியிருக்கறா. பொடி எழுத்து. பென்சிலு வேற வெளுத்துப் போச்சு. அவன் விலாசமா இருக்கும், இல்லாட்டி போன் நெம்பரு. தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னா ஊரே பேசும். அதான் உங்களை வெளியூராங்கன்னு கேட்டேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது, பென்சிலுதான் சரியில்லை. இந்தாங்க. மடிப்புல கிழிஞ்சுறப் போகுது. அதேதான், கடைசியில. சத்தமாப் படிக்காதீங்க, எனக்குக் கேட்டாப் போதும்.

என்னுங்க, ஏன் எம்மூஞ்சியைப் பாக்கறீங்க? படிங்க.

என்னது?

மறுக்கா ஒருக்கா சொல்லுங்க.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது." அப்படியா எழுதியிருக்குது? தங்கவேல் அடிக்கடி சொல்வதுன்னு போட்டு, அதுக்குக் கீழ இதுவா? வேற ஒண்ணும் இல்லையா? விலாசம் இல்லையா? நல்லாப் பாருங்க.

ரெண்டாவது வரியையும் படிச்சுருங்க.

"கேட்டால் கோபித்துக்கொள்வார். அவர் யாரையும் கேட்காமலே போய்ச் சேருகிற மாதிரி செய்ய வேண்டும்."

எந்த ஊருங்க இது, பல்லடம் தாண்டிருச்சா? சூலூரா?

எனக்கு மீசை கெடையாதுங்களே. நீங்களே பாக்கறீங்கள்ல. மீசைக்காரன் படத்தை எதுக்கு ஒட்டோணும்? வேற பேரை எதுக்குப் போடோணும்? மேடையில காட்டறப்ப ஆளு யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான். நாலு பேரு எனக்குக் கண்ணு தெரியலைன்னு பேசக் கூடாதுன்னுதான். வாசப்படிகிட்ட நின்னுட்டு இருந்தாளுங்க, நான் டோக்கன் போட்ட அன்னைக்கு. ரத்துன்னு வந்ததைப் பாத்துட்டுத்தான் நின்னிருக்கறா. பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நான் தட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவளுக்குத் தெரியும்.

சுப்பராயன் கடை முன்னாடி மூணு நாளு நின்னேனுங்க. அவ சேலையெல்லாம் எடுத்துத் தேடுனேன். திரும்ப வரவேண்டாம்னு சொல்லிட்டேன் அவகிட்ட. அதையும் வாங்கிக்கிட்டு ரசம் ஊத்துனா. வெக்கமா இருக்குதுங்க. இந்த வயசுல இத்தனை வெக்கம் ஆகாது.

புதன்கெழமை பத்து மணி. நாளன்னைக்குத்தானே புதன்? ஒரு மோட்டாரு டெலிவரி இருந்துச்சு, வேண்டாம், கடையைச் சாத்திடறேன்.

இல்லீங்க, திரும்பிப் போகலை. மண்டபத்துக்குப் போறேன். எந்திரிச்செல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டேன். கடைசி வரிசையில ஓரமா உக்காந்துக்கறேன், அவளுக்குத் தெரியாம.

இல்லை, மொத வரிசையிலயே உக்காந்துக்கறேன். பின்னாடி உக்காந்தா அவ மொகம் எனக்குத் தெரியாதுங்க.

அந்தக் காயிதத்தைக் குடுங்க. மடிக்காம குடுங்க.

சிங்காநல்லூர் வந்துருச்சுங்களா? நீங்களும் இங்கதானா? அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க. நீங்க எனக்கு முன்னாடி எறங்குங்க. எத்தனை படின்னு மட்டும் சொல்லிட்டே எறங்குங்க.